பீட்டில் சேஸியில் டியூன் பக்கி: வெட்டுவது முதல் பராமரிப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஃபைபர் படகு வேலையில் கை பழகிய புரூஸ் மேயர்ஸ், 1964-இல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் மணல்மேடுகளில் ஓட்டும் திறந்த சிறு வண்டியான டியூன் பக்கி ஒன்றை, தன் முதல் மேயர்ஸ் மாங்ஸைக் கட்டினார். முதலில் செய்த பன்னிரண்டு வண்டிகளில் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. ஃபைபர் உடலே சேஸியாகவும் இருந்தது. அது செலவு பிடித்த வேலை. அடுத்து வந்த வடிவத்தில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தட்டையே குட்டையாக்கி, அதன் மேல் ஃபைபர் ஓட்டை, அதாவது வண்டியின் மேற்கூட்டை, கவிழ்த்தார். 'ஓல்ட் ரெட்' என்ற அவருடைய முதல் வண்டி, 1967-இல் லா பாஸுக்கும் டிஹுவானாவுக்கும் இடையே பாஹா தீபகற்பத்தை 34 மணி 45 நிமிடத்தில் கடந்தது. அதன்பின் உலகெங்கும் நகல்கள் கிளம்பின. இன்று டியூன் பக்கி கிட் (நாமே கட்டிக்கொள்ளும் உதிரித் தொகுப்பு) என்று எது கிடைத்தாலும் அதன் வேலைமுறை அந்த இரண்டாவது வடிவத்தின் வழியில்தான் போகும்.

பீட்டில் ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள கார். பக்கியாக மாறும்போது 150 முதல் 200 கிலோ குறைகிறது, நீளத்தில் ஓர் அடிக்கு மேல் போய்விடுகிறது. கட்டும்போதும் ஓட்டும்போதும் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே வருகின்றன. பளபளக்கும் ஓட்டின் மேல் நேரத்தையும் பணத்தையும் கொட்டி, அடித்தட்டை அவசரமாக முடிப்பவர்களின் வண்டி இரண்டே ஆண்டில் ஓரமாக நிற்கும். ஓடு வெறும் சட்டை, உடம்பு அடித்தட்டுதான்.

கிரைண்டரை எடுப்பதற்கு முன்

முதலில் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் அடித்தட்டை வெட்டிக் குட்டையாக்கிய வண்டி 2025 வரை தன் பழைய பதிவு அடையாளத்தை இழந்து, ஐ.வி.ஏ. என்ற தனி வண்டி ஒப்புதல் சோதனையில் தேற வேண்டியிருந்தது; அந்த ஆண்டு விதிகள் மாறின. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பதிவு கிடைக்காத வண்டியைத் தனியார் நிலத்தில்தான் ஓட்ட முடியும். எந்த நாடானாலும் வெட்டுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சேஸி எண். பீட்டிலில் அது பின் இருக்கைக்குக் கீழே, டனலின் (அடித்தட்டின் நடுவே முதுகெலும்புபோல் நீளவாக்கில் ஓடும் கூடு) மேற்பரப்பில் அடிக்கப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் துடைத்து, படம் எடுத்து, மேலே டேப் ஒட்டி மூடுங்கள். வெட்டுக்கோடு எந்த நிலையிலும் அதைத் தொடக் கூடாது.

தட்டைத் தேர்ந்தெடுக்கும்போது துருவைத் தேடவேண்டிய இடங்கள் நான்கு: பின்னால் வலதுபுறம் பேட்டரி உட்காரும் இடம், தட்டின் வெளிவிளிம்பு, முன் ஆக்சில் பீம் (முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குக் குழாய்கள்) பூட்டப்படும் தலைப்பகுதி, பின் டார்ஷன் குழாயின் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டுகள் உள்ள குறுக்குக் குழாய்) இரு முனைகள். முதல் இரண்டும் பழுதானால் புதுத் தகடு வைத்துவிடலாம். மற்ற இரண்டும் அரித்துப்போயிருந்தால் வேறு தட்டு தேடுவதே நல்லது.

பின் சஸ்பென்ஷன் எந்த வகை என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸிலிருந்து சக்கரம் வரை ஒரே தடித்த குழாயாக வந்தால் அது ஸ்விங் ஆக்சில். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சி.வி. ஜாயிண்டுகளும் (வளைந்து சுழலும் மூட்டுகள்) திறந்த ஷாஃப்டும் இருந்தால் ஐ.ஆர்.எஸ்., அதாவது தனித்தனிப் பின் சஸ்பென்ஷன். சாலையில் ஓட்டுவதற்கு இரண்டாவதுதான் நிம்மதி. ஸ்விங் ஆக்சிலில் வளைவில் வேகமாகத் திரும்பும்போது பின்புறம் மேலெழுந்து, வெளிச்சக்கரத்தின் அடிப்பக்கம் வண்டிக்கு அடியில் மடங்கும். எடை குறைந்த பக்கியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

வீல் வாங்குவதற்கு முன் போல்ட் வட்டத்தை (வீல் போல்டுகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) அளந்துவிடுங்கள். பழைய பீட்டிலில் 5 போல்ட், 205 மி.மீ.; 1968 முதல் 4 போல்ட், 130 மி.மீ.

எவ்வளவு வெட்டுவது

பீட்டிலின் வீல்பேஸ், அதாவது முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம், 2400 மி.மீ. மாங்ஸுக்கு அதில் 14¼ அங்குலம், அதாவது ஏறத்தாழ 362 மி.மீ. குறைக்க வேண்டும். நகல் ஓடுகளின் அளவு ஒன்றுக்கொன்று மாறும். தட்டை வெட்டவே வேண்டாத நான்கு இருக்கை ஓடுகளும் உண்டு. ஆகவே யார் சொன்ன அளவையும் நம்பி வெட்டாதீர்கள். ஓட்டைச் சமதளத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, முன் சக்கர வளைவின் மையத்திலிருந்தும் பின் வளைவின் மையத்திலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியுங்கள். இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம்தான் உங்கள் வீல்பேஸ். 2400-லிருந்து அதைக் கழித்தால் வெட்டவேண்டிய அளவு கிடைக்கும். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஃபைபர் ஓடு சமச்சீராக இருக்குமென்று நினைக்காதீர்கள், 10 மி.மீ. வித்தியாசம் சாதாரணம். சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டும் வேலை

டனலுக்குள் பெட்ரோல் குழாய் ஓடுகிறது. டேங்கை இறக்கினால் மட்டும் போதாது. குழாயை இரு முனையிலும் கழற்றி, காற்றடித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு நாள் திறந்து வையுங்கள். இந்த ஒரு காரியத்தை விட்டதால் வெல்டிங்கின்போது தீப்பிடித்த வண்டிகள் உண்டு.

அதன் பிறகு இந்த வரிசையில் போங்கள்:

1. என்ஜின், கியர்பாக்ஸ், கேபிள்கள், பெடல்கள், ஹேண்ட்பிரேக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கியர் ராடை டனலின் முன்முனை மூடியைத் திறந்து அந்த வழியாக உருவ வேண்டும்.

2. தட்டை நான்கு ஸ்டாண்டில் ரசமட்டமாக நிறுத்துங்கள். பின் டார்ஷன் குழாயின் இரு முனைகளிலிருந்தும் முன் பீமின் எதிர் மூலைகளுக்குக் குறுக்காக அளந்து எழுதி வையுங்கள். இரு குறுக்களவும் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் அது அடிபட்ட தட்டு.

3. வெட்டுமிடம் ஹேண்ட்பிரேக்குக்குப் பின்னால், டார்ஷன் குழாய்க்கு முன்னால். தட்டின் வெட்டும் டனலின் வெட்டும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டாம். சில அங்குலம் முன்பின்னாகத் தள்ளி வையுங்கள். ஒரே கோட்டில் வெட்டினால் முழு வளைவு விசையும் அந்த ஒரு வெல்டில் இறங்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

4. முதலில் டனலின் மேல்தகட்டை மட்டும் திறந்து உள்ளே பாருங்கள். கிளட்ச், ஆக்சிலேட்டர், ஹேண்ட்பிரேக், ஹீட்டர் கேபிள்களுக்கான மெல்லிய குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒவ்வொன்றுக்கும் டேக் கட்டிப் படம் எடுத்து, இரும்பு ரம்பத்தால் தனித்தனியாக வெட்டுங்கள். கிரைண்டரால் ஒரே வீச்சில் வெட்டினால் முனைகள் நசுங்கி, கேபிள் பிறகு அங்கே உரசி அறுந்துபோகும்.

5. நடுத்துண்டை எடுத்துவிட்டு இரு பாதிகளையும் சேருங்கள். குழாய் முனைகளின் உள்விளிம்பை வட்ட அரத்தால் சீவி, மேலே சற்றுப் பெரிய குழாயை உறையாகப் போட்டுப் பற்றவையுங்கள். வெல்ட் உள்ளே வழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுப் பாருங்கள். டனலை மூடிவிட்டால் திரும்பப் பார்க்க முடியாது.

6. இரண்டு நீள இரும்புச் சதுரக் குழாய்களைத் தட்டின் இருபுறமும் கிளாம்ப் போட்டுப் பிடித்து, குறுக்களவுகளைத் திரும்பவும் சரிபார்த்த பின் டாக் வெல்ட் (பிடித்துவைக்கும் சிறு புள்ளி வெல்ட்) வையுங்கள். டாக் வைத்ததும் மீண்டும் அளவு. முழு வெல்டை 25 மி.மீ. துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் தகடு இழுத்து, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாமல் போகும்.

7. டனல் வெட்டின் இரு பக்கச்சுவர்களிலும் ஒரு பட்டைத் தகட்டை மேலே வைத்துப் பற்றவையுங்கள். பட்டையின் முனைகளை நேராக விடாமல் சாய்வாக வெட்டினால் விசை ஓரிடத்தில் தேங்காது.

கியர் ராடும் கேபிள்களும்

தட்டைக் கச்சிதமாக முடித்தவர்கள்கூடத் தவறு செய்யும் இடம் கியர் ராடு. அதன் முன்முனையில் கியர் லிவரின் குமிழ் உட்காரும் கிண்ணம் இருக்கிறது, பின்முனை கியர்பாக்ஸின் கப்ளருடன் (இணைப்பி) சேர்கிறது. இரண்டுக்கும் இடையிலான கோணம் சில பாகை திருகினாலே சில கியர்கள் சரியாக விழாது. வெட்டுவதற்கு முன் ராடு முழு நீளத்துக்கும் நேர்கோடு ஒன்று கீறிவிடுங்கள். தட்டில் எவ்வளவு குறைத்தீர்களோ அதே அளவை ராடின் நடுவிலிருந்து எடுத்து, உள்ளே இறுக்கமான குழாய்த் துண்டு நுழைத்து, கோடு கோட்டோடு சேரும்படி வைத்துப் பற்றவையுங்கள். வெல்டை முழுக்கச் சீவி வழவழப்பாக்க வேண்டும். டனலுக்குள் ராடைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்ஷை இப்போதே புதிதாக மாற்றிவிடுங்கள். சில ரூபாய் சமாச்சாரம், ஆனால் தேய்ந்தால் கியர் லிவர் கஞ்சிக்குள் கரண்டி போல ஆடும்.

ஆக்சிலேட்டர் கேபிளைக் கார்புரேட்டர் முனையில் வெட்டிக்கொள்ளலாம், அங்கே ஒரு திருகுதான் பிடிக்கிறது. கிளட்ச், ஹேண்ட்பிரேக் கேபிள்களை வெட்டி ஒட்டாதீர்கள். குட்டையாகச் செய்தவற்றையே வாங்குங்கள். டனலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள கிளட்ச் கேபிள் உறை நேராக இருக்கக் கூடாது, 25 முதல் 45 மி.மீ. தொய்வு வேண்டும். தொய்வு இல்லாவிட்டால் கிளட்ச் விடும்போது வண்டி உதறும். பெடலில் 10 முதல் 20 மி.மீ. வெற்றசைவு வையுங்கள்.

பின் டார்ஷன் பார்: பொறுமை கேட்கும் வேலை

எடை குறைந்ததால் பின்புறம் எழும்பி நிற்கும். ஸ்விங் ஆக்சிலில் இது வெறும் தோற்றக் குறை அல்ல. ஆக்சில் குழாய்கள் கீழ்நோக்கிச் சரிந்து, சக்கரங்களின் மேற்பக்கம் வெளியே சாயும். வளைவில் சக்கரம் மடங்குவதற்கான ஆயத்தம் அது.

ஃபோக்ஸ்வேகன் பொறியாளர்கள் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் என்றால் 9 பாகை. வெளியே ஒரு பல் 8 பாகை 10 கலைக்குச் சற்று மேல் (ஒரு பாகைக்கு 60 கலை). உள்முனையை ஒரு பக்கம் ஒரு பல்லும், வெளியே ஸ்பிரிங் பிளேட்டை (பாரையும் ஆக்சிலையும் இணைக்கும் தகடு) எதிர்ப்பக்கம் ஒரு பல்லும் திருப்பினால் மிஞ்சுவது ஏறத்தாழ 50 கலை மட்டுமே. சக்கரத்தருகே அது ஏறக்குறைய 6 மி.மீ. உயரம்.

என்ஜின், ஓடு, பேட்டரி, பாதி டேங்க் பெட்ரோல் எல்லாம் ஏற்றி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து உயரம் பாருங்கள். ஆக்சில் குழாய் மட்டமாகவோ, சக்கரத்தின் தலை ஒன்றிரண்டு பாகை உள்ளே சாய்ந்தோ நிற்க வேண்டும். 30 மி.மீ. இறக்க வேண்டுமானால் ஐந்து படி, அதாவது ஸ்பிரிங் பிளேட்டின் கோணத்தில் ஏறத்தாழ 4 பாகை.

கழற்றும் முன் ஆக்சில் குழாயும் ஸ்பிரிங் பிளேட்டும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு போடுங்கள். பின்சக்கரத்தின் நேர் அதைப் பொறுத்தது. பிளேட்டைக் கீழ்நிறுத்தத்திலிருந்து விடுவிக்கும்போது அது முழு முறுக்கில் இருக்கும். அடியில் ஜாக் கொடுத்து மெதுவாக இறக்குங்கள், முகத்தையும் கையையும் அதன் பாதையில் வைக்காதீர்கள். இடது பாரும் வலது பாரும் எதிரெதிர்த் திசையில் முன்முறுக்கு ஏற்றப்பட்டவை. மாற்றிப் போட்டால் உடையும். கோணம் அளக்கும்போது தரையை நம்பாமல் டனலின் மேற்பரப்பை ஆதாரமாக வையுங்கள்.

ஸ்விங் ஆக்சில் வண்டியில் கியர்பாக்ஸுக்குக் கீழே குறுக்காக வரும் கேம்பர் காம்பன்சேட்டர் பட்டையைத் தவறாமல் போடுங்கள். அலங்காரச் செலவைக் குறைத்தாவது இதை வாங்க வேண்டும்.

முன்பக்கம் வேறொரு சிக்கல். பின் டயர் பெரிதாகிப் பின்புறம் உயர்ந்தால் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைகிறது, 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் மிதக்கும். முன் பீமின் கீழ்க்குழாய்க்கும் சேஸித் தலைக்கும் நடுவே காஸ்டர் ஷிம் வைத்து நீளமான போல்ட் போட்டால் சரியாகும்.

பிரேக்கைப் பொறுத்தவரை நான்கு டிரம்மும் நல்ல நிலையில் இருந்தால் இந்த எடைக்குப் போதும். முன்னால் மட்டும் டிஸ்க் மாற்றினால், எடையில்லாத முன்சக்கரம் ஈரத்தில் சட்டென்று பூட்டிக்கொள்ளும். ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் இருந்தால் அதை இரட்டைச் சுற்றாக மாற்றுவதுதான் முதல் செலவாக இருக்கட்டும்.

ஓடு

புது ஓட்டில் அச்சின் மெழுகு ஒட்டியிருக்கும். அதைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கி, பெயிண்ட் மீன்கண் மீன்கண்ணாக விலகும். முதலில் மெழுகு நீக்கும் திரவம், பிறகுதான் தாள்.

பழைய ஓட்டில் நட்சத்திர விரிசல் இருந்தால் மேலே புட்டி தேய்ப்பது வீண். விரிசலை 'வி' வடிவில் கீறித் திறந்து, பின்பக்கத்தை 80 நம்பர் தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, 450 கிராம் மேட் (கண்ணாடியிழை விரிப்பு) இரண்டு அடுக்கு வையுங்கள். மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். ரெசினில் ஹார்டனர் 1 முதல் 2 விழுக்காடு. வெயில் காலத்தில் ஒன்றே அதிகம். கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். முன்னதை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே பின்னதை ஊற்ற வேண்டும். முன்பக்கக் கீறலை ஜெல்கோட்டால் (ஓட்டின் வெளிப்பூச்சு ரெசின்) நிரப்பி, மேலே பாலிதீன் தாள் ஒட்டிக் காற்றுப் படாமல் மூடுங்கள். காற்றுப்பட்ட ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும்.

ஓட்டைத் தட்டின் மேல் வைக்கும்போது இடைவெளி தெரிந்தால், போல்டை முறுக்கி அதை மூட நினைக்காதீர்கள். அந்த இழுவையே ஆறு மாதத்தில் புது விரிசலாக வெளிவரும். இடைவெளியில் ரப்பர் பட்டை வைத்து நிரப்பி, எம் 8 போல்டுகளை அகலமான வாஷருடன், வாஷர் மட்டமாக உட்காரும் வரை மட்டும் முறுக்குங்கள்.

சீட் பெல்ட்டும் ரோல்பாரும் இரும்பில்தான் பூட்டப்பட வேண்டும். ஃபைபரில் எத்தனை பெரிய வாஷர் போட்டாலும் மோதும்போது தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். ரோல்பாரின் கால்களை டார்ஷன் குழாயோடும் தட்டோடும் சேருங்கள்.

ஃபைபரில் மின்சாரம் பாயாது என்பதை மறந்தால் விளக்கு ஒன்றும் எரியாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு எர்த் முனைகளைச் சேஸியில் வையுங்கள். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்கினால், எர்த் விட்டிருக்கிறது என்று பொருள். வயரிங்கில் 30 என்ற எண் நேரடி பேட்டரி, 15 சாவி வழி, 50 ஸ்டார்ட்டர், 31 எர்த். ஸ்டீயரிங் ஷாஃப்டின் ரப்பர் கப்ளர் மீது போகும் சிறு எர்த் வயரைப் போட மறந்தால் ஹாரன் ஒலிக்காது.

என்ஜின்

பக்கியின் எடைக்கு 1584 சி.சி. ஸ்டாக் என்ஜினே துள்ளலாக ஓடும். பெரிதாக்கியே தீரவேண்டுமானால் கேஸைக் கடைந்து 90.5 மி.மீ. பிஸ்டன் போட்டு 1776 சி.சி. ஆக்குங்கள். கடையாமல் நுழையும் 87 மி.மீ. சிலிண்டர்கள் சுவர் மெலிந்தவை, சூட்டில் வடிவம் மாறும். அவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

என்ஜின் திறந்தவெளியில் தெரிகிறதே என்று தகட்டு உறைகளைக் கழற்றிவிடுகிறார்கள். பெரும் பிழை. மின்விசிறிக் காற்று ஃபின்களின் வழியே போவது அந்த உறைகளால்தான். சிலிண்டர்களுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் காற்றுத் தடுப்புத் தகடுகளும் இருந்தே ஆக வேண்டும். 1970 வரையிலான என்ஜினில் ஆயில் கூலர் மூன்றாம் சிலிண்டரின் காற்றை மறித்து நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு அங்கேதான் முதலில் உடையும். 1971 முதல் வந்த, கூலரை ஒதுக்கி வைத்த ஃபேன் உறையை மாற்றினால் இந்தக் கவலை தீரும்.

பெட்ரோல் ஃபில்டரை பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் தொங்கவிடாதீர்கள். அதன் பாரத்தில் கார்புரேட்டரின் பித்தளை நுழைகுழாய் கழன்று, சூடான என்ஜினில் பெட்ரோல் கொட்டும். ஃபில்டர் இருக்கவேண்டிய இடம் டேங்கின் அடியில்.

5,000 கி.மீ.க்கு ஒருமுறை

ஆயில் 2.5 லிட்டர், எஸ்.ஏ.இ. 30. அடியிலுள்ள ஜல்லடையைக் கழற்றிக் கழுவி, செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டு, ஆறு சிறு நட்டுகளை 7 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்காதீர்கள். ஸ்டட் கேஸிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

டேப்பட் (வால்வு) இடைவெளியை, என்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, 0.15 மி.மீ. வையுங்கள். ரோட்டர் டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பின் கீறலைக் காட்டும்போது முதல் சிலிண்டர். புல்லியை இடஞ்சுழியாக அரைச்சுற்று திருப்பத் திருப்ப 2, 3, 4 என வரும். ஒவ்வொரு முறையும் ஒரே வால்வின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் அந்த வால்வு நீள்கிறது, உடையப்போகிறது. ஹெட்டை இறக்குங்கள்.

பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சுற்றைத் திறந்து மூடும் முனை) இடைவெளி 0.4 மி.மீ., ஸ்பார்க் பிளக் 0.6 முதல் 0.7. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 15 மி.மீ. தாழ வேண்டும். ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெல்ட் அறுந்திருந்தால் குளிரூட்டும் காற்றும் நின்றிருக்கும். புல்லியைப் பிடித்து முன்பின் இழுத்துப் பாருங்கள். கிராங்க் அசைவு 0.15 மி.மீ.க்கு மேல் போனால் என்ஜினைத் திறக்கும் காலம் வந்துவிட்டது.

முன் பீமுக்குச் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிவைத்து கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதியது தெரியும் வரை. பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டும். பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுப்பதை மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குங்கள்.

டயர் காற்றில் பழக்கதோஷம் வேண்டாம். முழுப் பீட்டிலுக்கே முன்பக்கம் 16 பி.எஸ்.ஐ.தான். பக்கியில் 30 அடித்தால் முன்சக்கரம் குதிக்கும், பிரேக் பிடிக்காது.

கடற்கரை மணலில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் முழுக்கக் கழுவுங்கள். டனலின் வெட்டுப் பகுதியிலும் தட்டின் விளிம்பிலும் உப்பு தங்கும். பிரேக் டிரம்களைக் கழற்றி மணலைத் தட்டி எடுங்கள். ஸ்பாஞ்ச் வகைக் காற்று ஃபில்டரில் மணல் இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவிப் போடுங்கள். கழற்றிய பின்சக்கர டிரம்மைத் திரும்பப் பூட்டும்போது 36 மி.மீ. நட்டை 217 அடி-பவுண்டு, ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். ஊசித்துளை பொருந்தாவிட்டால் நட்டைத் தளர்த்தாமல் மேலும் முறுக்கியே பொருத்த வேண்டும். இது தளர்ந்தால் டிரம்மின் உட்பற்கள் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து, என்ஜின் ஓடும், வண்டி நகராது. 100 கி.மீ. ஓட்டிய பின் ஊசியை எடுத்து அதே அளவில் இன்னொரு முறை முறுக்கிப் பார்த்து, புது ஊசி போடுங்கள்.